உள்ளே நின்று அளந்த சுவர்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவு முழுவதும் பெய்த மழை விட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. கொண்டல் காற்று கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. வானம் இன்னும் இறங்கித்தான் நின்றது. பழைய மாதா கோயிலின் தெற்குச் சுவரில் நான் ஒட்டியிருந்த ஐந்து கண்ணாடித் துண்டுகளில் மூன்று உடைந்திருந்தன. முதல் நாள் மாலை ஐந்தே முக்காலுக்குப் பார்த்தபோது ஐந்தும் முழுதாக இருந்தன.

அந்தத் துண்டுகள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கும் கண்ணாடிகள். சுவரின் வெடிப்புக்குக் குறுக்கே சீமெந்தால் ஒட்டிவிட்டால், சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். முப்பத்துநான்கு வருடமும் ஏழு மாதமும் கணிதம் படிப்பித்தவன் நான். கண்ணால் பார்த்து "கொஞ்சம் சரிந்திருக்கு" என்று சொல்ல எனக்கு வராது.

"இஞ்சருங்கோ, கண்ணாடி உடைஞ்சால் உடைஞ்சதுதான். நீங்கள் போய் முழுசிக்கொண்டு நிண்டால் ஒட்டுமே?" என்று மனைவி அன்று வாசலில் நின்று கேட்டா. எங்கள் கலியாணத்திலிருந்து அவா எனக்குப் போட்ட இடியப்பங்களையும் நான் எண்ணி வைத்திருப்பேன் என்பது அவாவின் பழைய நக்கல். எண்ணவில்லை. அந்தச் சுவரை மட்டும் எண்ணினேன்.

பழைய கோயில் என்று ஊரில் ஒருமையில் சொல்வார்கள். உண்மையில் அது ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய மூன்று கோயில்கள். பீடம் இருந்த கிழக்குப் பகுதி ஆக முந்தியது. அங்கே சுவர் இரண்டடி ஒன்பது அங்குலம்; கடலோரத்து முருகைக்கல்லை வெட்டி, சிப்பி சுட்ட சுண்ணாம்பில் வைத்துக் கட்டியது. நடுப் பகுதியில் சுவர் இரண்டடி மூன்று அங்குலம். யன்னல்கள் வளைந்த தலை உடையவை, பக்கத்துக்கு ஏழு. மூன்றாவது முகப்பும் மணிக்கோபுரமும். அதில் கல்லோடு செங்கல்லும் கலந்திருந்தது. கல்லுக்குத் தட்டுப்பாடு வந்திருக்க வேண்டும், அல்லது மேசன் மாறியிருக்க வேண்டும். நடுப் பகுதி பீடப் பகுதியோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோட்டுத் தையல் தெரியும். மொத்த நீளம் எண்பத்துநான்கு அடி. அகலம் முப்பத்தொன்று.

எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டால் சொல்ல என்னிடம் தாள் இல்லை. பங்குப் பதிவேடுகள் யுத்தத்தில் போய்விட்டன. ஆனால் எங்கள் ஊரில் திருநாளுக்குக் கொடி ஏற்ற முன்னம் கோயிலுக்கு ஒரு பூச்சு வெள்ளை அடிப்பது வழக்கம். பழைய பூச்சைச் சுரண்டமாட்டார்கள். அதன் மேலேயே அடிப்பார்கள். விழுந்து கிடந்த சுண்ணாம்புப் பொருக்குகளைப் பொறுக்கி, ஓரத்தைக் கத்தியால் சீவி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துத் தோல்களை எண்ணினேன். பீடப் பக்கத்தில் 143. நடுவில் 97. முகப்பில் 61. ஒவ்வொன்றையும் மூன்று தரம் எண்ணினேன். ஆயர் வந்த வருடம் இரண்டு பூச்சு அடித்திருப்பார்கள், வாந்திபேதி வந்த வருடம் ஒன்றும் அடித்திருக்க மாட்டார்கள். ஆகவே இவை வருடங்கள் அல்ல, வருடங்களுக்குக் கிட்ட நிற்கும் எண்கள். அதற்கு மேல் துல்லியமாக ஒன்றும் சொல்ல முடியாததை நினைத்து நான் நித்திரை இல்லாமல் கிடந்ததுண்டு.

இனி நான் செய்த முதல் பிழையைச் சொல்ல வேண்டும்.

வன்னியில் இடம்பெயரும்போது வீட்டைக் கொண்டுபோவோம். சுவரை அல்ல, கூரையை. ஓடு, தகரம், வளை, கதவு, யன்னல் எல்லாவற்றையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், போகும் இடத்தில் நாலு கப்பு நட்டு அதை மேலே போட்டுக்கொள்வது. கூரை இருந்தால் குடும்பம் இருக்கும், சுவர் திரும்பி வந்து எழுப்பலாம். இதை ஒருவரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. ஐந்து தரம் ஆறு தரம் ஓடினவர்களுக்குத் தானாக வந்துவிடும். கடைசித் தரம் ஊர் எழும்பியபோது, அப்போதிருந்த பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், கோயில் கூரையைக் கழற்றுறதோ, விடுறதோ?"

"கழற்றுவம் சுவாமி. கூரை கையில இருந்தால் நாங்கள் எப்பவும் திரும்பிக் கட்டலாம்."

பதினொரு பேர் இரண்டு நாளில் கழற்றினோம். ஓட்டைத் தாங்கும் பனஞ் சிலாகைகள், பக்கத்துக்கு இருபத்தொன்பதாக ஐம்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் நானே இலக்கம் போட்டேன், வடக்கு ஒன்றிலிருந்து தெற்கு இருபத்தொன்பது வரை. திரும்பி வந்தால் எது எங்கே என்று தேட வேண்டியதில்லை. பீலி ஓடு ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அந்த ஓட்டத்தின் மூன்றாவது இடத்தில் ஓடுகளைத் தெருவோரத்தில் இறக்கிவிட்டோம். சிலாகைகள் நாலாவது இடம் வரைக்கும் வந்தன. அங்கே அவை பங்கர்களின் மேல் குறுக்காகக் கிடந்தன, அவற்றின் மேல் மண்மூட்டை. தெற்கு பதினேழும் பதினெட்டும் பத்தொன்பதும் எங்கள் தலைக்கு மேல் இருந்தன. அந்தக் குழிக்குள் நாங்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தோம். இதைச் சொல்லி என்னைத் தேற்ற வந்தவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரி. ஆனால் கூரையைக் கழற்றும்போது அதற்காக நான் கழற்றவில்லை.

முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வெய்யிலைத் தாங்கும், உப்புக் காற்றைத் தாங்கும். தலையில் நேராகப் பெய்யும் மழையை மட்டும் தாங்காது. நாங்கள் திரும்பி வரும்போது மூன்று மாரி பெய்து முடிந்திருந்தது. வடக்குச் சுவர் ஒட்டுமொத்தமாகப் படுத்துவிட்டது. முகப்பு ஷெல்லில் போனது; அது என் கணக்கில் இல்லை. பக்கத்து ஊர்க் கோயிலின் கூரையை அவர்கள் கழற்ற நேரமில்லாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஷெல் ஓட்டைகள் பல இருந்தன. அறுநூறு ஓடு மாற்றிப் போட்டு, அடுத்த ஞாயிறே அங்கே பூசை வைத்தார்கள். அந்தக் கோயில் இன்றைக்கும் நிற்கிறது. நான் அந்தத் தெருவால் போவதில்லை.

எங்களுக்குப் பக்கத்து நிலத்தில் கொங்கிறீற்றில் புதுக்கோயில் வந்தது. பழையதில் மிஞ்சியது தெற்குச் சுவரின் ஐம்பத்திரண்டு அடி, ஐந்து யன்னலோடு. அதையாவது நிறுத்திவிட வேண்டும் என்று நான் பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சுவரின் தலைக்குச் சுண்ணாம்புத் தொப்பி போட்டு, மேலே ஒரு சிறு கூரை போட்டால் போதும். சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிக் குழியில் ஊறவைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாரி முடிந்து தையில் வெய்யில் வந்ததும் வேலை தொடங்குவதாக இருந்தது.

எனக்குக் கைகொடுத்தவர் ஒரு மேசன். அவரின் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தவர். சைவ ஆட்கள். திரும்பி வந்தபோது நிற்க நிலம் இல்லாததால் பங்கு அவர்களுக்குக் கோயில் காணியில் ஒரு துண்டு கொடுத்தது. வீட்டுத்திட்டத்தில் அதிலே வீடு கட்டினார். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும். சாரம் கட்டவும் வெடிப்பில் சுண்ணாம்பு திணிக்கவும் ஒரு வருடமாக அந்த மனிதன் என்னோடு நின்றார். ஒரு ரூபா கூலி வாங்கியதில்லை. "மாதாவும் அம்மன் மாதிரிதாங்களே மாஸ்டர், அம்மாகிட்ட கூலி கேக்கலாமா?" என்பார்.

அவருடைய வீடுதான் தெற்குச் சுவருக்கு வெளியே இருந்தது. பதினாறு அடி தள்ளி.

செப்டெம்பரில் பங்குச் சபை கூடித் தீர்மானித்தது: சுவர் விழுந்தால் அந்த வீட்டைத் தொடும் என்றால் உடனே இடிப்பது, தொடாது என்றால் தை வரைக்கும் பொறுப்பது. தொடுமா, தொடாதா என்பதை மாஸ்டர் அளந்து சொல்வார். இப்போதைய பங்குச் சுவாமி மன்னார்ப் பக்கத்து இளம் ஆள். "உங்கட கணக்குக்கு மேல எனக்குக் கணக்கில்லை மாஸ்டர்" என்று சபையிலேயே சொன்னார். சரிவு இன்னும் கூடவில்லை, அவசரமில்லை என்று சொல்லிக் கேள்வியைத் தள்ளிப்போட்டேன்.

அந்த நவம்பர் 14ஆம் திகதி காலை எட்டரை மணிக்கு மேசன் தூக்குக்குண்டோடு வந்தார். சுவரின் உச்சியிலிருந்து நூலை விட்டார். அடியில் ஏழரை அங்குலம் விலகி நின்றது. ஓகஸ்ட்டில் அது ஐந்து. சரிவு தெற்கே, அவர் வீட்டுப் பக்கம்.

"மாஸ்டர், இது செவரு இல்லீங்க, சீக்காளி. கும்புடப் போற மாதிரி குனிஞ்சு நிக்குது," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார். "விழுந்தா எங்க வீட்டுக்கு வருமுங்களா?"

"உயரம் பதினாலு அடி," என்றேன். "உங்கட வீடு பதினாறு அடியில."

"அப்ப வராது."

"வராது."

நான் சொன்ன எண் பொய் இல்லை. சுவரின் உட்பக்கத்தில் நின்று அளந்தால் பதினாலு அடிதான். வடக்குச் சுவரும் முகப்பும் விழுந்து, அந்தக் கல்லும் மண்ணும் உள்ளே நாலேகால் அடிக்கு நிரம்பிக் கிடந்தன. அதன் மேல் நின்று அளந்த அளவு. வெளிப்பக்கத்தில், அவர் வீட்டு முற்றத்தில் நின்று அளந்தால் பதினெட்டேகால். அது என் கொப்பியில் அடுத்த வரியில் இருந்தது. மேசன் கண்ணால் பார்த்திருந்தாலே பிடித்திருப்பார். அவர் பிடிக்காததற்கு, வெளிப்பக்கம் முழுக்கக் கொடி படர்ந்து கிடந்தது என்பது ஒரு காரணம். மற்றது, அந்த மாரிக்குள் மனைவி பிள்ளைகளோடு எங்கே போவது என்று அவருக்கும் தெரியாது. அந்தப் பதினாலு அவருக்கும் தேவையாய் இருந்தது. ஆனால் முக்கியமான காரணம், நான் சொன்னது.

தை பிறக்க, ஜனவரி முதலாம் திகதி வர, நாற்பத்தெட்டு நாள் இருந்தது. நாற்பத்தெட்டு நாள் நில் என்று அந்தச் சுவரிடம் நான் வாய்விட்டே கேட்டேன். தறப்பாள் வாங்கி அதன் தலையில் போட்டேன். காற்று இரண்டு தரம் கழற்றி எறிந்தது, இரண்டு தரமும் ஏணியில் ஏறிக் கட்டினேன். எனக்கு அப்போது வயது எழுபத்தேழு. புதன்கிழமை மழை, அளக்க நான் முற்றத்தில் வைத்த தகரப் பேணியில் நாற்பத்தொரு மில்லிமீற்றர். வியாழன் அறுபத்துமூன்று. வியாழன் காலை நாலாவது கண்ணாடியும் உடைந்தது. செபமாலை சொல்ல இருந்தால் மணிகளை எண்ணும்போதே பதினெட்டேகாலிலிருந்து பதினாறைக் கழித்துக்கொண்டிருந்தேன். இரண்டேகால். மறுபடி சொன்னாலும் இரண்டேகால். ஐந்தாவது கண்ணாடி உடையாதவரை பறவாயில்லை என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். அந்த விதிக்கு ஒரு கணித நியாயமும் கிடையாது. இடிக்கச் சொன்னால், கூரைக்குப் பிறகு இரண்டாவது தரமும் அந்தக் கோயிலை அழிக்கச் சொன்னவன் நானே ஆவேன். அதை என்னால் நினைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, முட்டுக்கொடுக்கப் பனங்குற்றி கேட்க மேசன் வீட்டுக்குப் போனேன். அவர் பின்பக்கம் நின்றார். அவரின் மனைவி உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேநீர் தந்தா. நான் இருந்த கதிரைக்கு எதிரே, சுவர்ப் பக்கத்து அறையில், ஒரு பெரிய கட்டில் புதிதாகப் போட்டிருந்தது. மூன்று தலையணை.

"கட்டிலை மாத்தியிருக்கிறியள்," என்றேன்.

"ஆமாங்க மாஸ்டர். அந்த ரூம்ல ஒழுகுது, புள்ளைங்க புஸ்தகமெல்லாம் நனைஞ்சிருச்சு. இந்தப் பக்கம் படுக்க நான் பயந்தேன். இவருதான் சொன்னாரு, மாஸ்டரே அளந்து சொல்லிட்டாரு, செவரு இங்குட்டு வராதுன்னு. நீங்க சொன்ன பெறகு என்னாங்க பயம்?"

கட்டில் வீட்டின் வெளிச்சுவரை ஒட்டிக் கிடந்தது. கோயில் சுவரிலிருந்து தலையணைக்குப் பதினேழு அடி. பதினெட்டேகாலில் பதினேழு போக ஒன்றேகால். பதினைந்து அங்குலம், அதாவது முருகைக்கல்லில் மேல் இரண்டு வரி. ஒரு கல் நாற்பது இறாத்தலுக்குக் குறையாது. நடுவில் உள்ள வீட்டின் ஆறங்குலக் கல்லுச்சுவர் அதைத் தடுக்குமா என்றும் கணக்குப் பார்த்தேன். தேநீரைக் குடித்து முடித்தேன். சீனி கூட என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. குற்றி வேண்டாம், பிறகு வாறன் என்று சொல்லி வெளியே வந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி வைத்து நடந்தேன். திரும்பி வந்தேன்.

மேசன் முற்றத்தில் நின்றார். மனைவி வாசலில்.

"நான் சொன்ன அளவு உள்ளே நிண்டு அளந்தது," என்றேன். "இந்தப் பக்கத்து அளவு வேற."

"எவ்வளவுங்க?"

"பதினெட்டேகால்."

அவர் சுவரைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தார். சொன்ன உடனே மனைவி உள்ளே ஓடிக் கட்டிலில் கிடந்த துணிகளை வாரத் தொடங்கினா.

"இது எப்பருந்து தெரியும் மாஸ்டர்?"

"முதலிலேயே தெரியும்."

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே," என்றார் அவர். குரல் உயரவில்லை. "மூணு புள்ளைங்க. அதையும் எண்ணிப் பாத்தீங்களா?"

நான் எண்ணியிருந்தேன். மூன்று தலையணை.

பகல் பதினொரு மணிக்குள் அவர்கள் பங்கு மண்டபத்துக்கு மாறினார்கள். பங்குச் சுவாமி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏன் மாஸ்டர்?"

"கூரையைக் கழற்றச் சொன்னது நான், சுவாமி."

"அது நீங்கள் தெரியாமல் செய்தது. இது தெரிஞ்சு செய்தது." அவர் யன்னலைத் திறந்து மழையைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு இடிக்க வேணும். ஆள் பிடிக்கிறது உங்கட பொறுப்பு," என்றார்.

ஒன்பது பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். மழைக்குள், சரிந்த சுவருக்குக் கிட்ட, மண் தோண்டும் பெக்கோ மெசினைக் கொண்டுவர எட்டுப் பேர் மாட்டேன் என்றார்கள். ஒன்பதாவது பெக்கோக்காரன் வருவதாகச் சொன்னான், தான் சொல்கிற காசுக்கு.

சனிக்கிழமை 18ஆம் திகதி. தூறல். எப்படி இழுப்பது என்று மேசன்தான் சொன்னார். என்னிடம் அல்ல, பெக்கோக்காரனிடம். வெளியே சரிந்த சுவரை உள்ளே விழுத்த வேண்டும். இரண்டாவது யன்னலாலும் நாலாவது யன்னலாலும் கம்பிவடம் கோத்து, ஒன்றைப் பெக்கோவிலும் மற்றதை உழவு இயந்திரத்திலும் கட்டினார்கள். பதினொன்று நாற்பதுக்கு முதல் இழுவை. வடம் அறுந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு இரண்டாவது. நடுப் பகுதி முழங்காலில் மடிந்ததுபோல் உள்ளே இறங்கியது. ஈரத்தில் தூசிகூட எழும்பவில்லை. மேற்கு ஓரத்தில் ஒன்பது அடி மட்டும் வடத்துக்கு அகப்படாமல் ஒரு கணம் தனியே நின்று, வெளியே சாய்ந்து, மேசன் வீட்டின் ஓரத்தில் இருந்த சமையற் குசினிமேல் விழுந்தது. கட்டில் கிடந்த அறைக்கு ஒன்றும் இல்லை. அந்த அறைக்கு நேரே நின்ற பகுதி உள்ளே விழுந்த பகுதி.

நான் போய் உடைந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டடி மூன்று அங்குலமும் ஒரே கல் என்றுதான் இவ்வளவு காலமும் எழுதி வைத்திருந்தேன். அப்படி இல்லை. வெளியே ஒரு வரி கல், உள்ளே ஒரு வரி கல், நடுவே சுண்ணாம்பில் குழைத்த மண்ணும் சிப்பியும். மேலிருந்து இறங்கிய தண்ணீர் அந்த நடுவைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது. கையை விட்டேன், முழங்கை வரை போனது. தொப்பியும் சிறு கூரையும் பதினொரு வருடத்துக்கு முதல் போட்டிருந்தால் நின்றிருக்குமா? கூரையை அன்றைக்குக் கழற்றாமல் விட்டிருந்தால்? இந்தக் கணக்கை நான் எந்தப் பக்கத்தால் போட்டாலும் விடை வேறு வேறாக வருகிறது. ஊறவைத்த சுண்ணாம்பை இப்போது ஒருவரும் கேட்பதில்லை, மூடிபோட்டுக் கிடக்கிறது.

குசினியை நானே கட்டித் தருவதாக மேசனுக்குச் சொல்லி அனுப்பினேன். சாமான் வாங்கித் தாங்க, வேலையை நான் பாத்துக்கிறேன் என்று பதில் வந்தது. ஆறு நாள் வேலை செய்தார். ஒவ்வொரு நாளும் போய் நின்றேன். தேவையானதைக் கேட்டார், வேறொன்றும் கதைக்கவில்லை. அவரின் மனைவி தேநீர் தரவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆறாம் நாள் பின்னேரம் சாந்துக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு என் முன்னே வந்து நின்றார்.

"கூலி எவ்வளவுங்க தருவீங்க மாஸ்டர்?"

ஒரு வருடம் என்னோடு நின்றபோது இந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றேன்.

"ஊருல என்னா கூலியோ, அது. நாலாயிரத்தி ஐநூறு, ஒரு நாளைக்கு."

இருபத்தேழாயிரத்தை அவர் கையில் வைத்தேன். என் முன்னாலேயே நின்று ஒவ்வொரு தாளாக எண்ணினார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

பெக்கோ ஆறு மணித்தியாலம், மணிக்கு ஒன்பதாயிரமாக ஐம்பத்துநாலாயிரம். அதை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோக இருபத்திரண்டாயிரம். உழவு இயந்திரமும் கம்பிவடமும் பதினெட்டாயிரத்து ஐநூறு. குசினிக்குச் சீமெந்து, கல், தகரம் நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது. மேசனின் கூலி இருபத்தேழாயிரம். மொத்தம் ஒரு இலட்சத்து அறுபத்தேழாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபா.